வன்தட்டு வடிவமைப்பு

வன்தட்டு வடிவமைப்பு என்பது ஓர் இயங்குதளம் கோப்புகளைச் சேமிக்கவும் மீட்டெடுக்கவும் ஏற்றவாறு வன்தட்டில் கோப்பு முறைமையை உருவாக்கும் செயலாகும். பேச்சு வழக்கில் இது பார்மட் செய்தல் எனப்படுகிறது. நச்சுநிரல் தாக்கிய கணினியைச் சீராக்கவும், இயங்குதளத்தைப் புதிதாக நிறுவவும், பழைய கணினியைப் பிறருக்கு விற்கும் முன்பும் இது செய்யப்படுகிறது. வடிவமைத்த வன்தட்டு வெறுமையாகத் தோன்றினாலும், அதிலிருந்த தரவுகள் பெரும்பாலும் அழிவதில்லை. எனவே வடிவமைத்தலும் தரவழித்தலும் வெவ்வேறு செயல்களாகும்.

வடிவமைப்பின் நிலைகள்

1. தாழ்நிலை வடிவமைப்பு: காந்தப் பூச்சுள்ள தட்டுகளில் தடங்களும் செக்டர்களும் குறிக்கப்படுகின்றன. 1980களின் வன்தட்டுகளில் பயனரே இதனைச் செய்ய முடிந்தது. பின்னர் வந்தவற்றில் இது தொழிற்சாலையிலேயே செய்யப்படுகிறது.
2. பிரித்தல்: வன்தட்டு ஒன்று அல்லது பல பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது.
3. உயர்நிலை வடிவமைப்பு: ஒவ்வொரு பகுதியிலும் கோப்பு முறைமை எழுதப்படுகிறது. பயனர்கள் பார்மட் எனக் குறிப்பிடுவது இதனையே.

தரவுகள் எஞ்சுவதன் காரணம்

கோப்பு முறைமை ஒரு நூலின் பொருளடக்கத்தைப் போன்றது. கோப்பின் பெயர், அளவு, அது அமைந்துள்ள இடம் ஆகியன அதில் பதியப்படுகின்றன. ஃபாட்32 முறைமையில் ஒரு கோப்பை நீக்கும்போது, அதன் பெயரின் முதல் எழுத்து ஒரு குறியீட்டால் மாற்றப்பட்டு, அதற்குரிய இடம் காலி எனக் குறிக்கப்படுகிறது. உள்ளடக்கம் அவ்விடத்திலேயே இருக்கும். விரைவு வடிவமைப்பும் பொருளடக்கத்தை மட்டுமே புதிதாக எழுதுகிறது. விண்டோஸ் எக்ஸ்பியின் முழு வடிவமைப்பு கூடப் பழுதான செக்டர்களைத் தேடியதேயன்றித் தரவுகளை அழிக்கவில்லை. விண்டோஸ் விஸ்டா முதலே முழு வடிவமைப்பு வன்தட்டெங்கும் சுழியங்களை எழுதுகிறது.

சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் 158 பழைய வன்தட்டுகளை வாங்கி ஆராய்ந்து, முடிவுகளை 2003 இல் வெளியிட்டனர். இயங்கிய 129 வன்தட்டுகளில் 12 மட்டுமே முறையாக அழிக்கப்பட்டிருந்தன. ஏனையவற்றுள் சிலவற்றில் கடனட்டை எண்களும் மருத்துவத் தகவல்களும் தனிப்பட்ட மின்னஞ்சல்களும் காணப்பட்டன.

மேலெழுதுதல்

தரவுகளை அழிக்க, ஒவ்வொரு செக்டரிலும் சுழியங்களையோ எழுமாற்றான பிட்டுகளையோ எழுத வேண்டும். பீட்டர் கட்மன் 1996 இல் வெளியிட்ட கட்டுரையை ஒட்டி 35 முறை எழுதும் வழக்கம் பரவியது. அது அக்காலத்தின் பலவகைப் பதிவு முறைகள் அனைத்தையும் கருத்திற் கொண்டதாகும். 2001 க்குப் பின் உருவான வன்தட்டுகளுக்கு ஒருமுறை மேலெழுதுவதே போதுமென அமெரிக்கத் தர, தொழில்நுட்பக் கழகம் 2006 இல் அறிவுறுத்தியது. நொடிக்கு 40 மெகாபைட்டு எழுதும் 80 ஜிகாபைட்டு வன்தட்டை ஒருமுறை மேலெழுத ஏறத்தாழ 33 நிமிடங்கள் ஆகும். 35 முறை எழுத 19 மணி நேரத்துக்கும் மேலாகும்.

பழைய கணினியில் செய்முறை

1. தேவையான கோப்புகளைக் காப்புநகல் எடுத்து, வேறொரு கணினியில் அவை திறக்கின்றனவா எனச் சோதிக்க வேண்டும். பாமினி, திஸ்கி போன்றவற்றில் தட்டச்சிட்ட தமிழ் ஆவணங்களுடன் அவற்றுக்குரிய எழுத்துருக்களையும் சேமித்தல் அவசியம். எழுத்துரு இல்லையெனில் ஆவணம் வாசிக்க இயலாத குறிகளாகத் தோன்றும்.
2. வலையட்டை, ஒலியட்டை முதலியவற்றின் இயக்கிகளையும் மென்பொருள் உரிம எண்களையும் முன்கூட்டியே சேகரிக்க வேண்டும்.
3. அழிக்கக்கூடாத பிற வன்தட்டுகளின் இணைப்பை நீக்க வேண்டும்.
4. இயங்கிக்கொண்டிருக்கும் இயங்குதளம் தன்னைத் தானே அழிக்க இயலாது. ஆகவே குறுவட்டிலிருந்தோ பென் டிரைவிலிருந்தோ கணினியைத் தொடக்கி, டிபான், என்வைப் போன்ற மென்பொருளால் மேலெழுத வேண்டும்.
5. பின்னர் வன்தட்டைப் பிரித்து, வடிவமைத்து, இயங்குதளத்தை நிறுவலாம். எக்ஸ்பிக்கான பொதுவான பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் 2014 இல் நிறுத்தப்பட்டதால், இணையத்தில் இணைக்கப்படும் பழைய கணினிகளுக்கு எளிய லினக்ஸ் வழங்கல்கள் பொருத்தமானவை.

வரம்புகள்

பழுதானவை என வன்தட்டே ஒதுக்கிய செக்டர்களை மேலெழுதும் மென்பொருள் எட்டுவதில்லை. இயங்காத வன்தட்டை மேலெழுதவே முடியாது. அதன் தட்டுகளை உடைப்பது ஒரு வழி. திண்மநிலை நினைவகங்கள் எழுதும் இடத்தைத் தாமே மாற்றிக்கொள்வதால், அவற்றுக்கு மேலெழுதுதல் நம்பகமானதன்று. அவற்றில் கருவியிலேயே அமைந்துள்ள அழிப்புக் கட்டளை பயன்படுத்தப்படுகிறது.