மதெய்ரா மலைகளில் ஒரு ஜீப் பயணம்

கோடை விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கிய முதல் நாளிலேயே ஆசிரியர் பிள்ளைகளிடம், "விடுமுறைக்கு எங்கே போனீர்கள்?" என்று கேட்பார். எம்மவர் பிள்ளைகளில் பலரிடம் ஒரே பதில்தான் இருக்கும். பாரிசில் சித்தி வீடு, இல்லாவிட்டால் லண்டனில் மாமா வீடு. உறவினரைப் பார்க்கப் போவது நல்ல காரியம்தான். அதற்கு அப்பால் ஒரு பயணம் என்றால், "அதெல்லாம் வெள்ளையரின் சோலி, எங்களுக்கு எதற்கு?" என்று பேச்சை முடித்துவிடுகிறோம். ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம் ஒருபுறம், தீர்க்க வேண்டிய கடன் மறுபுறம். இவற்றின் நடுவே மலை பார்க்கப் போவதா என்ற கூச்சமும் நம் பலருக்கு உண்டு.

அந்தக் கூச்சத்தைச் சற்று ஒதுக்கிவிட்டு, கடந்த ஆண்டு மே மாதம் நாம் குடும்பமாகச் சென்ற இடம் மதெய்ரா. அங்கே ஜீப்பில் கழித்த ஒரு நாளைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

எங்கே இருக்கிறது இந்தத் தீவு?

மதெய்ரா போர்த்துக்கல் நாட்டுக்குச் சொந்தமான தீவு. அத்திலாந்திக் சமுத்திரத்தில், ஆபிரிக்கக் கரைக்கு மேற்கே கிடக்கிறது. நீளம் சுமார் 57 கிலோமீற்றர், அகலம் 22 கிலோமீற்றர். சிறிய இடம்தான். ஆனால் கடலுக்குள்ளிருந்து எழுந்த எரிமலை என்பதால் தீவு முழுவதும் மேடும் பள்ளமும்தான். அதன் உயர்ந்த சிகரமான பிக்கோ ருய்வோ 1862 மீற்றர் உயரம். தட்டையான நிலம் இல்லாமையால் விமான நிலையத்தின் ஓடுபாதையைக்கூடக் கடலோரத்தில் தூண்கள் எழுப்பி அவற்றின்மேல் நீட்டியிருக்கிறார்கள். உதைபந்தாட்ட வீரர் கிறிஸ்தியானோ ரொனால்டோ பிறந்தது இத்தீவின் தலைநகர் ஃபுன்ஷாலில்தான். விமான நிலையத்துக்கும் அவருடைய பெயரே. எங்கள் மகனுக்கு இந்தச் செய்தி ஒன்றே போதுமாக இருந்தது.

1419ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் இங்கு வந்து இறங்கியபோது தீவில் மனிதர் எவரும் இருக்கவில்லை. மலை முழுவதும் காடு. மதெய்ரா என்றால் போர்த்துக்கேய மொழியில் மரம் என்று பொருள். அதே போர்த்துக்கேயர்தான் 1505இல் இலங்கைக்கு வந்து, 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் பயன்படும்.

வாடகைக் கார் இருக்க ஜீப் எதற்கு?

இப்போது தீவைச் சுற்றி விரைவுச் சாலைகளும் நீண்ட சுரங்கப் பாதைகளும் உண்டு. போர்த்துக்கல் 1986இல் ஐரோப்பிய சமூகத்தில் இணைந்த பின்னர் கிடைத்த நிதியில் பெரும்பாலானவை கட்டப்பட்டன. காரில் போனால் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு விரைவில் போய்விடலாம். ஆனால் பாதி நேரம் சுரங்கத்தின் சுவரைத்தான் பார்ப்பீர்கள். பழைய மலைப்பாதைகளும் காட்டோர மண் தடங்களும் சுரங்கங்களுக்கு மேலே கிடக்கின்றன. அவற்றில் ஏறி இறங்க நான்கு சக்கரங்களும் இழுக்கும் வாகனமும் பாதை தெரிந்த சாரதியும் வேண்டும். வாடகைக் கார் ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை மண் பாதையில் ஏற்படும் சேதத்துக்குக் காப்புறுதி தருவதில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

எங்களுக்கு வந்தது கூரையைத் திறக்கக்கூடிய பழைய லாண்ட் றோவர். சாரதிதான் வழிகாட்டியும். அவர் வெனிசுவேலாவில் பிறந்தவர். வறுமையால் அங்கு குடிபெயர்ந்த மதெய்ராக் குடும்பம், பேரன் காலத்தில் மீண்டும் தீவுக்கே திரும்பியிருக்கிறது. வெனிசுவேலா, தென்னாபிரிக்கா, ஜேர்சித் தீவு என்று மதெய்ரா மக்கள் பிழைப்புத் தேடிப் போகாத இடம் குறைவு. "நாங்களும் அகதிகளாக வந்தவர்கள்" என்று மகள் சொன்னதும் அவர் எங்களைப் பார்த்த விதமே வேறாகிவிட்டது.

அம்மாவும் ஜீப்பும்

எங்களுடன் அம்மாவும் வந்திருந்தார். ஊரிலிருந்து வந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. மாடி வீட்டுக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தவர். விடுதி வாசலில் ஜீப் வந்து நின்று, அதன் டீசல் இயந்திரம் உறுமியதும் அவர் இரண்டு அடி பின்வாங்கிவிட்டார். பிள்ளைகளுக்கு அது புரியவில்லை. நமக்குப் புரியும். ஒழுங்கையில் ஜீப் சத்தம் கேட்டால் வீட்டு இளைஞரைப் பின்வளவால் அனுப்பிவிட்டு வாசலில் தனியே நின்ற தலைமுறை அது. ஜீப்பில் ஏற்றப்பட்டவர்கள் எல்லோரும் திரும்பி வந்தார்களா?

நான் சாரதியிடம் ஓரமாகச் சென்று இரண்டே வசனத்தில் காரணத்தைச் சொன்னேன். அவர் இயந்திரத்தை நிறுத்தினார். முன்கதவைத் திறந்து தமக்குப் பக்கத்து ஆசனத்தைக் காட்டினார். அம்மா ஏறி, பட்டியைப் போட்டு, "சரி" என்று தலையசைக்கும்வரை அவர் சாவியைத் தொடவில்லை. ஐந்து நிமிடம் எடுத்தது. மற்றப் பயணிகள் எவரும் முணுமுணுக்கவில்லை.

இதைப் படிக்கும் குடும்பங்களில் இப்படி ஒரு பெரியவர் இருக்கலாம். அவரை வீட்டில் விட்டுப் போவது சுலபம். முற்கூட்டியே நிறுவனத்துக்குத் தொலைபேசியில் சொல்லி, முன் ஆசனத்தைக் கேட்டு வைத்து அழைத்துப் போவது அதைவிட நல்லது. வற்புறுத்தி ஏற்ற மட்டும் வேண்டாம்.

மேலே ஏறினோம்

ஃபுன்ஷாலிலிருந்து மேற்கே, காமரா டி லோபோஸ் என்ற மீன்பிடிக் கிராமத்தைக் கடந்து, காபோ ஜிராவோ என்ற செங்குத்துப் பாறைக்குப் போனோம். கடலுக்கு மேல் 580 மீற்றர். 2012 முதல் அங்கே கண்ணாடித் தளம் ஒன்று உண்டு. அதில் நின்று காலடியில் பார்த்தால் பாறையின் அடியில் துண்டு துண்டாகத் தோட்டங்கள் தெரியும். மலைச் சரிவெங்கும் கருங்கல் கட்டி மண் நிரப்பி அடுக்கடுக்காகத் தோட்டம் செய்திருக்கிறார்கள். வாழை, முந்திரிகை, வற்றாளை, கரும்பு என்று எல்லாம் அந்தக் கையளவு நிலத்தில்.

அங்கிருந்து ரிபெய்ரா பிராவா பள்ளத்தாக்கு வழியாக என்குமியாடா கணவாய்க்கு ஏறியபோதுதான் ஜீப்பின் வேலை தெரிந்தது. செங்குத்தான மண் பாதையில் சாரதி தாழ்ந்த கியரைப் போட்டு, வாகனத்தை நடை வேகத்தில் ஏற்றினார். இறங்கும்போதும் அதே தாழ்ந்த கியர். இயந்திரமே வாகனத்தைப் பிடித்து வைத்திருக்கும். பிறேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும் என்று மகனுக்கு விளக்கினார். பாதை இல்லாத இடத்தில் ஒருபோதும் சக்கரத்தை வைக்கவில்லை. காடு பாதுகாக்கப்பட்டது. லோறிசில்வா எனப்படும் இக்காட்டை யுனெஸ்கோ 1999இல் உலக மரபுரிமையாக அறிவித்தது.

கணவாயைத் தாண்டினால் பவுல் ட செர்ரா. சுமார் 1500 மீற்றர் உயரத்தில் திடீரென்று ஒரு தட்டை வெளி. மாடுகள் மேய்கின்றன, காற்றாடிகள் சுழல்கின்றன. கீழே வெயிலில் வியர்த்தவர்கள் இங்கே நடுங்கினோம். அடுத்தது ஃபனால். பனி மூட்டத்துக்குள் வளைந்து முறுகிய கிழட்டு மரங்கள், உடம்பெல்லாம் பாசி. சில மரங்கள் மனிதர் இத்தீவுக்கு வருமுன்பே முளைத்தவை என்று சாரதி சொன்னார். இம்மரங்களின் இலைகள் முகிலிலிருந்து ஈரத்தைப் பிடித்துத் துளித்துளியாக நிலத்தில் விடுகின்றன. தீவின் தண்ணீருக்கு அதுவும் ஓர் ஊற்று.

தண்ணீர் முறை

தண்ணீர்தான் இத்தீவின் கதை. முகில் வந்து மோதுவது வடக்கு மலையில். மழையும் அங்கேதான். வெயிலும் தோட்டமும் சனமும் தெற்கில். இடையில் மலை. ஆகவே 15ஆம் நூற்றாண்டு தொடக்கம் மலையைக் குடைந்து வாய்க்கால் வெட்டினார்கள். லெவாடா என்பது அவற்றின் பெயர். பல இடங்களில் ஒரு முழமோ இரண்டு முழமோதான் அகலம். எல்லாவற்றையும் சேர்த்தால் 2000 கிலோமீற்றருக்கு மேல் வரும். ஆரம்பத்தில் வெட்டியவர்களில் ஆபிரிக்காவிலிருந்தும் கனேரித் தீவுகளிலிருந்தும் கொண்டுவரப்பட்ட அடிமைகளும் இருந்தார்கள். கயிற்றில் தொங்கியபடி பாறையைக் கொத்தியவர்களில் எத்தனையோ பேர் கீழே விழுந்து மாண்டார்கள். சுற்றுலாப் பயணிகள் இன்று படம் பிடிக்கும் அழகு அவர்களுடைய உழைப்பு.

ஒரு லெவாடாவின் ஓரத்தில் ஜீப்பை நிறுத்தினார்கள். அம்மா முதன்முறையாகத் தாமாகவே இறங்கி, குனிந்து தண்ணீரைத் தொட்டுப் பார்த்தார். பாறையை எதனால் வெட்டினார்கள் என்று மகள் கேட்டாள். சாரதி சைகையோடு, "அலவாங்கா" என்றார். அம்மா நிமிர்ந்து, "அலவாங்கோ?" என்று கேட்டார். ஒரே சொல்தான். போர்த்துக்கேயர் நம்மிடம் விட்டுப் போனது. பிறகு அங்கேயே ஒரு விளையாட்டுத் தொடங்கியது. பாண், கதிரை, மேசை, சாவி, அலுமாரி, சப்பாத்து, விறாந்தை என்று அம்மா சொல்லச் சொல்ல, அவர் தம்முடைய மொழியில் அதே சொற்களைத் திருப்பிச் சொன்னார். ஜேர்மன் மொழியில் அம்மம்மாவைக் கேலி செய்துவந்த பேரப்பிள்ளைகள் வாய் பிளந்து நின்றார்கள்.

தோட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் லெவாடாவிலிருந்து தண்ணீர் எடுக்க நேரம் குறித்திருக்கிறார்கள். லெவாதெய்ரோ எனப்படும் காவலர் வந்து மதகைத் திறப்பார். முறை நள்ளிரவில் வந்தால் நள்ளிரவில்தான் இறைப்பு. இதை மொழிபெயர்த்ததும் அம்மாவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பங்குக் கிணற்றில் முறை வைத்து மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் இறைத்த குடும்பம் அவருடையது. காணி உறுதியில் கிணற்றுப் பங்கும் வாய்க்கால் பங்கும் எழுதி வைக்கும் ஊர் நம்முடையது. "முறைக்குச் சண்டை வருமோ என்று கேள்" என்றார். சாரதி சிரித்துவிட்டு, அதற்குக் குறைவில்லை என்றார்.

மதியம் போர்த்தோ மொனிஸ் என்ற இடத்தில் சாப்பாடு. எரிமலைக் குழம்பு இறுகிய பாறைகளுக்கிடையே கடல்நீர் நிறைந்து இயற்கையாகவே நீச்சல் குளங்கள் அமைந்திருக்கின்றன. பிள்ளைகள் குளித்தார்கள். எஸ்பாடா என்ற கறுத்த மீனைப் பொரித்து, அதன்மேல் பொரித்த வாழைப்பழம் வைத்துத் தருவது இத்தீவின் வழக்கம். "மீனோடு வாழைப்பழமோ?" என்று அம்மா முகம் சுளித்தாலும் கோப்பையில் மிச்சம் வைக்கவில்லை. மரக்கறி உண்போருக்குத் தக்காளிச் சூப்பும், பூண்டு வெண்ணெய் பூசிய போலோ டோ காக்கோ என்ற தட்டைப் பாணும், சதுரமாக வெட்டிப் பொரித்த சோளக்களியும் கிடைக்கும்.

ஒளித்து வாழ்ந்த பள்ளத்தாக்கு

இன்னொரு நாள் அரைநாள் பயணமாகக் கன்னியர் பள்ளத்தாக்கைப் பார்த்தோம். 1566இல் பிரெஞ்சுக் கடற்கொள்ளையர் ஃபுன்ஷாலைச் சூறையாடியபோது, சாந்தா கிளாரா மடத்துக் கன்னியர் மலைகளைத் தாண்டி ஓடி ஒளித்த இடம் இது. சுற்றிலும் சுவர்போல மலை. கடலிலிருந்து பார்த்தால் அப்படியொரு பள்ளத்தாக்கு இருப்பதே தெரியாது. எய்ரா டோ செராடோ என்ற முனையிலிருந்து கீழே பார்த்தபோது வாகனத்தில் எவரும் பேசவில்லை. கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு இரவோடிரவாக ஓடுவது என்னவென்று எமக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

போக விரும்புவோர் கவனத்துக்கு

பயணப் பத்திரம்: போர்த்துக்கல் ஷெங்கன் நாடு. இன்னொரு ஷெங்கன் நாட்டின் வதிவிட அனுமதியும், செல்லுபடியாகும் அகதிப் பயணப் பத்திரமும் உள்ளவர்கள் 180 நாட்களுக்குள் 90 நாள்வரை போய் வரலாம். அகதி விண்ணப்பம் இன்னும் தீர்க்கப்படாதவர்கள் சட்டத்தரணியைக் கேட்காமல் நாட்டைவிட்டு வெளியே போக வேண்டாம். பிரித்தானியா, கனடாவில் வாழ்வோர் விசா பற்றி முதலில் போர்த்துக்கல் தூதரகத்தில் விசாரியுங்கள்.

உடல்நிலை: கர்ப்பிணிகளும், முதுகுவலி உள்ளோரும், அண்மையில் சத்திரசிகிச்சை செய்தோரும் மண் பாதைப் பயணத்தைத் தவிர்க்க வேண்டும். சத்தி வரும் பிள்ளைகளுக்குக் காலையில் இலேசான உணவு மட்டும் கொடுங்கள். ஒரு பொலித்தீன் பையும் கையில் இருக்கட்டும்.

உடை: கீழே வெயில், மேலே குளிர். கம்பளிச் சட்டையும் மழை அங்கியும் கட்டாயம். சேலைக்கும் செருப்புக்கும் இது இடமில்லை. நல்ல சப்பாத்து வேண்டும்.

பதிவு செய்யுமுன் கேட்க வேண்டியவை: ஒரு வாகனத்தில் எத்தனை பேர்? எல்லா ஆசனத்துக்கும் பட்டி உண்டா? சிறுவர் ஆசனம் தருவார்களா? காப்புறுதி உண்டா? வழிகாட்டி எந்த மொழியில் பேசுவார்? காலநிலை கெட்டால் பணம் திரும்புமா? கடைசிக் கேள்வி முக்கியமானது. 2010 பெப்ரவரி 20இல் பெய்த பெருமழையில் வெள்ளமும் மண்சரிவும் 40க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட தீவு இது. 2024 ஓகஸ்டில் மலையில் பெருந்தீ பரவியது. "இன்று அந்தப் பாதை வேண்டாம்" என்று சாரதி சொன்னால் வாதாடாதீர்கள். அப்படிச் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் நாம் பணம் கொடுக்கிறோம்.

மதெய்ரா தூரமென்று நினைப்பவர்களுக்குக் கிறீத், கோர்சிக்கா போன்ற மலைத் தீவுகளிலும் இத்தகைய ஜீப் பயணங்கள் உண்டு. ஒரு வருடம் சிறுகச் சிறுகச் சேர்த்தால் ஒரு குடும்பத்துக்கு எட்டாத செலவல்ல. போகும்போது பெரியவர்களையும் கூட்டிப் போங்கள். மலையைச் சாரதி காட்டுவார். அந்த மண்ணையும் தண்ணீரையும் கண்டு, அதை நம்முடைய ஊரோடு சேர்த்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல நம் வீட்டில் அவர்களைவிட்டால் வேறு ஆளில்லை.