சிங்க்குக்கு அடியில் தண்ணி ஃபில்டர்: பூட்டுமுன் ஒரு வார்த்தை



தோட்டத்தை விட்டுப் போர்ட் கிள்ளான் பக்கம் பிளாட் வீடு, தாமான் வீடு என்று குடிபோன நம்மவர்கள் திருவிழாவுக்கு வரும்போது என்னிடம் கேட்பது இப்போதெல்லாம் ஒரே விஷயம்தான். "டிரசர் ஐயா, சிங்க்குக்கு அடியிலே ஃபில்டர் பூட்டலாமா? பூட்டிட்டா தண்ணி காய்ச்ச வேணாமாமே?" பூட்டலாம். ஆனால் காய்ச்சாமல் குடிக்கலாம் என்பதை நம்பி விடாதீர்கள்.

குழாயில் வருவது எடுத்த எடுப்பில் ஆற்றுத் தண்ணி இல்லை. சுத்திகரிப்பு நிலையத்தில் படிகாரம் போன்ற மருந்து போட்டு மண்ணைப் படிய விட்டு, மணலில் வடித்து, குளோரின் கலந்துதான் விடுகிறார்கள். வீட்டுக் குழாய்க்கு வந்து சேரும்போதும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது சுகாதார அமைச்சின் அளவு. மருந்து வாடை என்று நாம் மூக்கைச் சுளிக்கிறோமே, அது வழி நெடுகத் தண்ணிக்குக் காவலாக வரும் ஜாகா! கோளாறு பெரும்பாலும் வழியில்தான். பழைய இரும்புப் பைப்பின் துரு, தண்ணி நின்று மறுபடி வரும்போது கிளம்பும் சேறு, பிளாட் மொட்டை மாடியில் வருஷக்கணக்கில் கழுவாத தொட்டி. இவைதான் காரணம்.

சாதாரண ஃபில்டருக்குள் இரண்டு குழல் இருக்கும். முதலாவது பஞ்சு மாதிரி நூல் சுற்றியது. மண்ணையும் துருவையும் பிடிக்கும். இரண்டாவது கரி, வாடையை எடுக்கும். கரி என்ன செய்கிறது தெரியுமா? அந்த ஜாகாவையே பிடித்து வெளியே அனுப்பி விடுகிறது. குளோரின் போன பிறகு, ஈரமும் இருட்டுமான அந்தக் குழலில் கிருமி குடியேறத் தடை ஏது? ஒரு குடும்பம் வயிற்றுப்போக்கில் துவண்ட பிள்ளையை என்னிடம் தூக்கி வந்தது. ஃபில்டர் பூட்டி இரண்டு வருஷமாம், குழலை ஒரு தடவைகூட மாற்றவில்லை, அன்று முதல் தண்ணியும் காய்ச்சவில்லை. உப்புச்சீனிக் கரைசல் கொடுத்துப் பிள்ளை தேறியது. தண்ணிதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் குழலைக் கழற்றிப் பார்த்தபோது கை வைக்கவே கூசியது, அவ்வளவு வழவழப்பு.

ஆகவே ஃபில்டர் தண்ணியையும் தளதளவென்று ஒரு நிமிஷம் கொதிக்க விடுங்கள். பால்மாவு கலக்கும் தாய்மார்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கொதித்த தண்ணி 70 டிகிரிக்குக் கீழே ஆறுவதற்குள் மாவைக் கலந்து, பிறகு புட்டியை ஆற வைத்துக் கொடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. வீடு வீடாக வரும் விற்பனையாளர் இரண்டு கிளாசில் தண்ணி வைத்து, மின்சாரக் கம்பிகளை விடுவார். குழாய்த் தண்ணி பழுப்பாகி நாற்றச் சேறாகத் தெரியும். அவர் மெஷின் தண்ணி தெளிவாக நிற்கும். பார்த்த அம்மாவுக்குக் குலை நடுங்கும். அது குழாயில் வந்த அழுக்கு அல்ல. தண்ணியில் உள்ள சாதாரண உப்புச் சத்து வழியே மின்சாரம் பாய்ந்து அந்த இரும்புக் கம்பியே கரைகிறது. அவருடைய கிளாசில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள், அதுவும் பழுப்பாகும். இந்த வித்தையைக் காட்டித்தான் சில நூறு வெள்ளிக்கு முடியும் வேலைக்கு ஆயிரக்கணக்கில் தவணை எழுதி வாங்குகிறார்கள். கையெழுத்துப் போட்டு விட்டாலும் பயப்பட வேண்டாம். 1993-ம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டம் மனம் மாற அவகாசம் தருகிறது. பத்து வேலை நாளுக்குள் எழுத்து மூலம் ரத்து செய்யுங்கள். பணத்தைத் திருப்பித் தர மறுத்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் வேண்டியதில்லை.

இப்போது பூட்டும் வேலை. சிங்க்குக்கு அடியில் உள்ள வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணியை வடிய விடுங்கள். வால்வுக்கும் குழாய்க்கும் இடையே மூன்று வாய் இணைப்பு ஒன்றைப் பூட்ட வேண்டும். மரைக்கு வெள்ளை டேப்பை வலப்பக்கமாக ஐந்தாறு சுற்றுச் சுற்றுங்கள். அதிலிருந்து பிரியும் சின்ன வால்வின் டியூப் ஃபில்டரின் உள்வாய்க்குப் போகும். வெளிவாயின் டியூப் சிங்க்கின் மேல் தனிச் சின்னக் குழாய்க்கு. அம்புக்குறியைப் பார்க்காமல் மாற்றிப் பூட்டி விட்டு "தண்ணி வரலையே" என்று நிற்பவர்கள் அதிகம். நூல் குழல் முன்னே, கரி பின்னே. கிண்ணத்தின் ரப்பர் வளையத்தைத் துடைத்துக் கையால் இறுக்கினால் போதும். ஸ்பானரால் முறுக்கினால் கிண்ணம் விரிசல் விடும். பின்னால் கிண்ணத்தைக் கழற்ற அடியில் அரைச் சாண் இடம் விடுங்கள். சுடுதண்ணிப் பைப்பில் பூட்டவே கூடாது. முதல் பத்து நிமிஷம் கரித்தூளோடு கறுப்பாக வரும், அதைச் செடிக்கு ஊற்றலாம்.

அன்றிரவு அடியில் பழைய பேப்பர் விரித்து வையுங்கள். காலையில் ஈரம் இருந்தால் கசிவு. இதை அலட்சியம் செய்யாதீர்கள். 1901-ல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறந்த சில வாரங்களிலேயே மலேரியா வேலையாட்களைச் சாய்த்தது. டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பை வடிய வைத்துத்தான் ஊரைக் காப்பாற்றினார். 1972-ல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறியது, கொசு மட்டும் போகவில்லை. இன்றைக்கு டெங்கிக் கொசுவுக்கு சிங்க்குக்கு அடியில் தேங்கிய ஒரு மூடித் தண்ணி போதும்.

தண்ணி நிற்கும் நாளில் முதலில் ஃபில்டர் வால்வை மூடி விடுங்கள். 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் ஆற்றில் கழிவு கலந்து சுங்கை சிலாங்கூர் நிலையங்கள் நான்கை மூடியபோது, கிள்ளான் உட்படப் பல வட்டாரங்களில் நாள்கணக்கில் குழாய் காய்ந்தது. அப்படிப்பட்ட கழிவுக்கு வீட்டு ஃபில்டரை நம்பக் கூடாது. மறுபடி வரும் கலங்கல் தண்ணியை வெளிக் குழாயில் ஓட விட்டு, தெளிந்த பிறகே ஃபில்டருக்குத் திறக்க வேண்டும். இல்லையேல் புதுக் குழல் ஒரே நாளில் அடைத்துக் கொள்ளும்.

தோட்டத்திலேயே இருப்பவர்களுக்கு ஒன்று. லயத்துக்குக் கலங்கல் தண்ணி வந்தால் சொந்தக் காசில் ஃபில்டர் வாங்கி ஒட்டுப் போட வேண்டாம். வேலையாட்களுக்குப் போதிய குழாய்த் தண்ணி கொடுப்பது 1990-ம் ஆண்டு வீடமைப்புத் தரச் சட்டப்படி நிர்வாகத்தின் கடமை. ஒரு போத்தலில் அந்தத் தண்ணியைப் பிடித்து, தேதி எழுதி, கிளைச் செயலாளரிடம் கொண்டு போய்க் கொடுங்கள்.

ஃபில்டர் கிண்ணத்தின் மேலேயும் பூட்டிய தேதியை எழுதி வையுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் கெடுவுக்கு, பொதுவாக ஆறு மாதத்துக்கு ஒரு முறை, குழலை மாற்ற வேண்டும். தண்ணி மெல்லிசாக வந்தால் அதற்கு முன்பே மாற்றுங்கள். ஊருக்குப் போய் வந்தால் சில நிமிஷம் ஓட விட்டுக் கொட்டி விட்டுப் பிடியுங்கள்.