எலும்பு காக்கும் ஊசி: வீட்டார் கவனிக்க வேண்டியவை

புற்றுநோய் எலும்புக்குப் பரவினால், லேசாகத் தடுக்கினாலே எலும்பு முறியலாம். அதைத் தடுக்க டிரிப்ஸில் ஏற்றுவதே சோலெட்ரானிக் அமிலம். ஒரு ஊசி இங்கே, அடுத்தது ஊரில் என்று அலையும் நம் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் சிறுநீரகம். வழக்கமான அளவு 4 மி.கி. அதை 15 நிமிடத்துக்குக் குறையாமல் ஏற்றவேண்டும். அவசரப்பட்டால் சிறுநீரகம் பழுதாகலாம். ஒவ்வொரு முறையும் முன்னதாக ரத்தத்தில் கிரியேட்டினின் பார்க்கணும். "போன மாசம்தானே பார்த்தோம்" என்று விடாதீர்கள். அளவு சரியில்லையென்றால் டாக்டர் மருந்தைக் குறைப்பார், அல்லது தள்ளிப்போடுவார். வலி மாத்திரையையும் அவரைக் கேட்டே போடணும்.

அடுத்து பல். தாடை எலும்பு ஆறாமல் வெளியே தெரியும் பாதிப்பு அபூர்வமாக வரும். 2003-இல் மருத்துவ ஏடுகள் இதைச் சுட்டிக்காட்டின. பல் பிடுங்குவது இதைத் தூண்டலாம். ஆகவே சொத்தைப் பல்லை முதல் ஊசிக்கு முன்பே கவனியுங்கள். பிறகு போனால், பல் டாக்டரிடம் இந்த மருந்தைச் சொல்லுங்கள்.

ரத்தத்தில் கால்சியமும் குறையலாம். வாயைச் சுற்றி மரத்துப்போனாலோ, கைகால் இழுத்தாலோ உடனே சொல்லணும். எழுதித் தந்த கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளை நிறுத்தக் கூடாது.

ஊசி போட்ட மூன்று நாளுக்குள் காய்ச்சல் வருவதுண்டு. கீமோவும் நடந்தால் அதைச் சாதாரணமாக நினைக்காமல் ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள்.

இதே மருந்து எலும்பு மெலிவுக்கு 5 மி.கி. அளவில், வேறு பெயரில் வருகிறது. இரண்டும் சேர்ந்துவிடக் கூடாது. தேதி, மருந்தின் பெயர், அளவு, கிரியேட்டினின் நான்கையும் ஒரே நோட்டில் எழுதி, எந்த ஊருக்குப் போனாலும் கையோடு எடுத்துப் போங்கள்.