விலையில்லா உயிர்

1808-ஆம் ஆண்டிலே லண்டன் நகரத்து நியாயஸ்தலம் ஒன்றில், மதுக்கடை நடத்தி ஜீவித்துவந்த ஒருவர், கோச்சு வண்டிக்காரர்கள் மீது நஷ்டஈடு கோரி வழக்குத் தொடுத்தார். அவரும் அவர் மனைவியும் வண்டியின் மேல்தட்டில் அமர்ந்து பிரயாணம் செய்துகொண்டிருக்கையில் வண்டி குடைசாய்ந்தது. அவருக்கு உடம்பெல்லாம் ஊமைக்காயம். மனைவியோ ஆஸ்பத்திரியில் சுமார் ஒரு மாத காலம் கிடந்து பிராணனை விட்டாள். அவளிடத்தில் தாம் மிகுந்த பிரியம் வைத்திருந்ததையும், கடை வியாபாரத்தின் பெரும் பாரத்தை அவளே சுமந்து வந்ததையும் வாதி தக்க சாட்சியங்கொண்டு நிரூபித்தார். நியாயாதிபதியாக வீற்றிருந்த எல்லன்பரோ பிரபு ஜூரிகளுக்கு எடுத்துரைத்த சட்டம் இது: வாதியின் தேகத்தில் பட்ட காயத்துக்கு ஈடு கொடுக்கலாம், மனைவியின் துணையை இழந்ததற்கும் அவள் பொருட்டு அவர் அடைந்த மனவேதனைக்கும்கூடக் கொடுக்கலாம், ஆனால் அவள் மூச்சு நின்ற க்ஷணத்தோடு கணக்கை மூடிவிட வேண்டும், ஏனெனில் ஒரு மனிதப் பிராணியின் மரணம் சிவில் கோர்ட்டில் முறையிடத்தக்க தீங்கு ஆகாது. ஜூரிகள் 100 பவுன் கொடுத்தார்கள்.

இந்தச் சட்டத்தின் விசித்திரத்தைச் சற்றே நின்று பார்க்க வேண்டும். கொலைபாதகனைத் தூக்கிலிட அரசாங்கம் தயாராக இருந்தது. ஆனால் அவனால் அநாதையான குடும்பத்துக்குச் சல்லிக்காசு வாங்கித்தர அதனிடம் வழி இல்லை. ஆளுக்கு நேர்ந்த தீங்கைப் பற்றிய வழக்கு ஆளோடு மடியும் என்பது லத்தீன் மொழியில் வழங்கிவந்த பழைய விதி. ஆகவே அஜாக்கிரதையால் ஒருவனுடைய காலை ஒடித்தவன் மடியை அவிழ்த்துப் பணம் எண்ண வேண்டியிருக்க, கழுத்தை ஒடித்தவன் குடும்பத்தாருக்கு எதுவும் தராமல் நடையைக் கட்டலாம் என்றாயிற்று. உயிருக்கு விலையில்லை என்று நாம் மேன்மையாகச் சொல்லும் வாக்கியத்தை அந்தச் சட்டம் எழுத்துக்கு எழுத்து மெய்யாக்கிற்று. இலவசமாகக் கிடைப்பதை 'விலையில்லா' என்று அழைக்கிற இக்காலத் தமிழ் வழக்கை நினைக்கும்போது, அந்தச் சொல் இங்கே எத்தனை குரூரமாகப் பொருந்துகிறதென்று தோன்றாமற் போவதில்லை.

இதனினும் வேடிக்கை வேறொன்று உண்டு. மரணத்துக்குக் காரணமாயிருந்த பொருளை, அது வண்டிச் சக்கரமாயினும் மிரண்டோடிய குதிரையாயினும், கடவுளுக்குரியதென்று சொல்லி அபகரிக்கிற புராதன வழக்கம் ஒன்று அந்நாட்டில் இருந்தது. கடவுளின் பேரால் எடுத்தாலும் அது போய்ச் சேர்ந்த இடம் ராஜாங்கம், அல்லது ராஜாவிடம் அந்த உரிமையைப் பெற்ற பிரபு. 1841 கிறிஸ்துமஸுக்கு முந்தைய தினம், ரெடிங் நகருக்கு அருகே சானிங் என்னுமிடத்தில், மண் சரிந்து கிடந்த இருப்புப்பாதையில் ரயில் மோதியதில், கூரையற்ற சரக்குப் பெட்டிகளில் பிரயாணம் செய்த எட்டுப் பேர் அங்கேயே மாண்டார்கள். புதிய பார்லிமெண்டு மாளிகையின் கட்டட வேலையிலிருந்து பண்டிகைக்கு ஊர் திரும்பிய கல்தச்சர்களும் அந்தப் பெட்டிகளில் இருந்தார்கள். மரண விசாரணை ஜூரிகள் அந்த எஞ்சினுக்கும் பெட்டிகளுக்கும் 1,000 பவுன் விதித்தார்கள். எஞ்சினுக்கு அபராதம்! கல்தச்சரின் விதவைக்கோ உரிமையாகக் கேட்க ஒன்றுமில்லை.

ரயில் பெருகப் பெருக இந்த அவலம் பொறுக்கமுடியாததாயிற்று. 1846-ஆம் ஆண்டில் பார்லிமெண்டு ஒரே கூட்டத்தொடரில் அந்தப் பழைய அபகரிப்பை ஒழித்து, உயிரிழந்தோரின் குடும்பத்தார் நஷ்டஈடு கோரலாமென்று புதுச் சட்டமும் இயற்றியது. அதைக் கொண்டுவந்தவர் காம்பெல் பிரபு. இவர் யாரென்றால், முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்னே, இளம் வக்கீலாக நீதிமன்றத்தில் உட்கார்ந்து, எல்லன்பரோ பிரபு மதுக்கடைக்காரருக்குச் சொன்ன தீர்ப்பைக் குறிப்பெடுத்து அச்சிட்டு வெளியிட்ட அதே ஜான் காம்பெல். அந்த அநியாயம் ஊரெல்லாம் பிரமாணமாக விளங்கியதே இவர் வெளியிட்ட தொகுப்பின் வாயிலாகத்தான். மனச்சாட்சி உறுத்தி இதைச் செய்தாரா, ரயில் விபத்துக்களின் நெருக்கடியால் செய்தாரா என்பதை நான் நிர்ணயிக்க முயலவில்லை. தம் கையால் எழுதிய கணக்கைத் தம் கையாலேயே திருத்தும் பாக்கியம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

திருத்தம் பாதிதான். 1852-இல், காம்பெல் தாமே தலைமை நீதிபதியாக இருந்த குவீன்ஸ் பெஞ்ச் கோர்ட்டு, இந்தச் சட்டத்தின்கீழ் கேட்கத்தக்கது பணநஷ்டம் மட்டுமே, துக்கத்துக்கு ஈடு கிடையாது என்று தீர்மானித்தது. காம்பெலோ ஸ்காட்லாந்துக்காரர், அந்த நாட்டுச் சட்டம் உற்றாரின் மனத்துயருக்கும் ஆறுதல்தொகை கொடுத்து வந்தது என்பதை இங்கே நினைவுகூரலாம்.

நம் தேசத்துக்குக் காம்பெலின் சட்டம் விரைவாகவே வந்தது. ராயபுரத்திலிருந்து தென்னாட்டின் முதல் பிரயாணிகள் ரயில் புறப்படுவதற்கு ஓராண்டு முந்தி, 1855-இல், 13-ஆம் எண் சட்டமாகப் பிறந்த இந்திய மரண விபத்துச் சட்டம் இன்றும் உயிரோடிருக்கிறது. அதன்படி நஷ்டஈட்டுக்கு உரியவர்கள் மனைவி, கணவன், பெற்றோர், பிள்ளைகள். பெற்றோர் என்பதில் பாட்டன் பாட்டியும், பிள்ளைகள் என்பதில் பேரன் பேத்தியும் அடங்குவர். மரித்தவர் விட்டுச்சென்ற சொத்துக்கு நேர்ந்த நஷ்டத்தையும் தனியே கேட்கலாம். மரணத்திலிருந்து இரண்டு ஆண்டுக்குள் பிராது கொடுத்துவிட வேண்டும். கிரிமினல் கோர்ட்டில் குற்றஞ்சாட்டப்பட்டவர் சந்தேகத்தின் பயனைப் பெற்று விடுதலையானால்கூட இந்த வழக்கு அதனோடு கவிழ்ந்துவிடாது. அங்கே ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதை, இங்கே எது நடந்திருக்கக்கூடும் என்று தராசின் ஒரு தட்டு சற்றே தாழும் அளவுக்குக் காட்டினால் போதும்.

சுதந்திரம் வந்து ஒரு மாதமே ஆன 1947 செப்டம்பரில், தாராபுரத்துக்கும் பழனிக்கும் இடையே ஓடிய பஸ் ஒன்று விபத்துக்குள்ளாகி, காயமுற்ற பிரயாணி ஒருவர் சில தினங்களில் இறந்துபோனார். தகப்பனாரும் விதவையும் பிள்ளைகளும் தொடுத்த வழக்கு படிப்படியாக ஏறி டில்லிவரை போய், 1961-இல் நீதிபதி சுப்பா ராவ் எழுதிய தீர்ப்போடு முடிந்தது. குடும்பத்தார் இழந்த எதிர்கால ஆதாயத்தை ஒரு பக்கத்திலும், அந்த மரணத்தால் அவர்கள் கைக்கு வந்த பொருளை மறுபக்கத்திலும் வைத்து மீதியைக் காணவேண்டும் என்றும், குடும்ப நஷ்டம், சொத்து நஷ்டம் என்னும் இரண்டு தலைப்பின்கீழும் ஒரே நஷ்டத்தை இருமுறை எண்ணலாகாது என்றும் அந்தத் தீர்ப்பு வகுத்தது. பதினான்கு ஆண்டுகள்! தகப்பனை இழந்த குழந்தை தீர்ப்பு வருவதற்குள் வாலிபனாகிவிடும்.

இத்தகைய தாமதத்துக்குப் பரிகாரமாகவே மோட்டார் விபத்துக்களுக்கென்று தனித் தீர்ப்பாயங்களுக்கு 1956-ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் வழிசெய்தது. அங்கே வளர்ந்த கணக்குமுறை எளியது: இறந்தவரின் ஆண்டு வருமானத்தில் அவர் தமக்கென்று செலவிடக்கூடியதைக் கழித்து, மிச்சத்தை வயதுக்கேற்ற எண்ணால் பெருக்க வேண்டும். 2009-இல் உச்ச நீதிமன்றம் திட்டப்படுத்திய பட்டியலில் 25 வயதுக்குட்பட்ட வாலிபருக்குரிய எண் 18; வயது ஏற ஏற அது தேய்ந்துபோகிறது. சம்பளச்சீட்டு வைத்திருப்பவருக்கு இது கண்ணாடிபோலத் தெளிந்த கணக்கு. கூலிக்காரருக்கும் களையெடுக்கிற பெண்ணுக்குமோ, நீதிபதி தாமாக ஊகிக்கிற வருமானந்தான் வருமானம்.

உறவைப் பற்றிய சங்கடமும் உண்டு. 1855-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் சகோதரனுக்கு இடமில்லை. தம்பியைத் தோளில் போட்டு வளர்த்த அண்ணன் அதற்கு அந்நியன். 1987-இல் ஒரு சிறுவனுடைய சகோதரர்களின் கோரிக்கையை ஏற்ற உச்ச நீதிமன்றம், மோட்டார் வாகனச் சட்டத்தில் 'சட்டப்படியான பிரதிநிதி' என்னும் விரிந்த சொல் இருக்கையில் அந்தப் பழைய குறுகிய பட்டியலைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டியதில்லை என்று சொல்லிற்று. ஆனால் மின்கம்பி அறுந்து விழுந்தோ, சுவர் இடிந்தோ இறந்தவனுடைய அண்ணன் அந்தப் பழைய சட்டத்தின்கீழ் போனால், இன்றும் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் கண்ட மதுக்கடைக்காரர் கேட்டவற்றுள் இரண்டு: மனைவியின் உழைப்பு, மனைவியின் துணை. உழைப்புக்கு நம் நாட்டில் ஒருவாறு விடை கிடைத்தது 2001-இல். ஜாம்ஷெட்பூரில் 1989 மார்ச் 3-ஆம் தேதி, ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் 150-ஆவது பிறந்தநாள் விழாப் பந்தலில் தீப்பிடித்து 60 பேர் இறந்தனர். அவர்களில் இல்லத்தரசிகள் பலர். அவர்கள் வீட்டில் ஆற்றிய சேவைக்கு மாதம் 3,000 ரூபாய் மதிப்பு என்று உச்ச நீதிமன்றம் நிர்ணயித்தது. அறுபதைக் கடந்த மூதாட்டிகளுக்கு ஆண்டொன்றுக்கு 20,000 ரூபாய். ஜனத்தொகைக் கணக்கில் இல்லத்தரசிகளைப் பிச்சைக்காரரோடும் கைதிகளோடும் ஒரே வகையில் சேர்த்திருப்பதை 2010-இல் அதே நீதிமன்றம் வன்மையாகக் கண்டித்தது. துணையின் இழப்புக்கோ, 2017-இல் ஐந்து நீதிபதிகள் கூடி விதித்த தொகை 40,000 ரூபாய், மூன்றாண்டுக்கு ஒருமுறை நூற்றுக்குப் பத்து ஏற்றத்தோடு. எல்லன்பரோ பிரபு மூச்சோடு முடித்துவைத்த கணக்கு அது.

மனைவியைப் பறிகொடுத்துவிட்டு வக்கீல் குமாஸ்தாவின் மேஜைக்கு முன்னே உட்காருகிற கணவனிடம் பெயர், வயது, ரேஷன் கார்டு, வாரிசுச் சான்று எல்லாம் கேட்டான பிறகு, அந்த அம்மாள் என்ன வேலை பார்த்தார் என்ற கேள்வி வருகிறது. கோழி கூவும் முன் எழுந்து நள்ளிரவில் படுத்தவளைப் பற்றி அவன் தயங்காமல் சொல்கிற பதில், "வேலையா? வீட்டிலே சும்மாத்தான் இருந்தா" என்பது. குமாஸ்தா அதை எழுதிக்கொள்வதில்லை.