பிரேக் பிடித்தால் பற்றரிக்குச் சார்ஜ்

ஓடும் காருக்குள் இயக்கசக்தி இருக்கிறது. காரை நிறுத்த வேண்டுமானால் அந்தச் சக்தியை எங்காவது இறக்கியாக வேண்டும். சாதாரணக் காரில் பிரேக் பட், சில்லோடு சுழலும் இரும்புத் தட்டைக் கவ்விப் பிடிக்கிறது. உராய்வில் சக்தி முழுவதும் வெப்பமாகிக் காற்றோடு கலந்துவிடும். 1200 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திலிருந்து நிற்கும்போது ஏறத்தாழ 32 வாற்று-மணிச் சக்தி இப்படிப் போகிறது. வேகம் இரட்டித்தால் இழப்பு நான்கு மடங்கு. அத்தனையும் காசு கொடுத்து வாங்கிய பெற்றோலிலிருந்து வந்த சக்தி.

பெற்றோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் உள்ள ஹைபிரிட் காரின் மீளாக்கப் பிரேக் இந்தச் சக்தியில் ஒரு பங்கைப் பற்றரிக்குத் திருப்பி அனுப்புகிறது. இதன் அடிப்படை, மைக்கேல் பரடே 1831இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல். மின்சாரம் கொடுத்தால் சுழலும் மோட்டாரை வெளியிலிருந்து சுழற்றினால், அதுவே மின்பிறப்பாக்கியாக மாறிவிடும். மின்சாரம் எடுக்க எடுக்க அது சுழற்சியை எதிர்க்கும். சைக்கிள் டைனமோவை ரயரில் சாய்த்ததும் மிதிப்பது பாரமாவதும் இதனால்தான். ஹைபிரிட் காரில் அந்தப் பாரமே பிரேக்காக வேலை செய்கிறது.

எக்சலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடனேயே மோட்டார் மெல்லப் பின்னிழுக்கத் தொடங்கும். பிரேக் மிதியை அழுத்தினால், எவ்வளவு வேகம் குறைய வேண்டும் என்பதைக் கணினி கணித்து வேலையைப் பங்கிடுகிறது. மெதுவாக அழுத்தினால் பெரும்பங்கு மோட்டாருக்கு. திடீரென்று உதைத்தால் உராய்வுப் பிரேக் முழு வலுவோடு இறங்கும். நிற்கப்போகும் கடைசி நொடிகளிலும் உராய்வுதான், ஏனென்றால் மெல்லச் சுழலும் மோட்டாரிலிருந்து எடுக்கக்கூடியது மிகச் சொற்பம். முன்சில்லு இயக்கமுள்ள காரில் பின்சில்லுகளின் பங்கும் கைக்கு வராது. மீட்டதிலும் மோட்டார், இன்வேர்ட்டர், பற்றரி எனப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் கொஞ்சம் கொஞ்சம் வெப்பமாகக் கழியும்.

இந்த முறையைப் பெரும் எண்ணிக்கையில் வீதிக்குக் கொண்டுவந்த கார், 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ். இலங்கையில் ஹைபிரிட் கார்களுக்கு வரிச் சலுகை கிடைத்த காலத்தில் பிரியஸ், அக்குவா, ஹொண்டா ஃபிட், வெசல் எல்லாம் மட்டக்களப்பு வரை வந்து சேர்ந்தன. சுசுக்கி வேகன் ஆர் போன்றவற்றிலும் ஹைபிரிட் என்ற எழுத்து உண்டு. ஆனால் அவற்றின் மோட்டார் சிறியது, மீட்கும் சக்தியும் அதற்கேற்பக் குறைவு.

மட்டக்களப்பு வாவியைச் சுற்றியுள்ள நிலம் தட்டையானது. ஒரே வேகத்தில் நீளமாக ஓடும் காரில் மீட்க எதுவும் இல்லை. திருகோணமலை வீதியின் வெறிச்சோடிய பகுதிகளில் மீளாக்கப் பிரேக் பெரும்பாலும் சும்மாதான் இருக்கும். நகரச் சந்திகளிலும், காத்தான்குடி போன்ற நெருக்கமான கடைத்தெருக்களிலும், மாடுகள் வீதியை மறிக்கும் இடங்களிலும் அதற்கு ஓயாத வேலை. முன்னால் தடை இருப்பதைத் தூரத்திலேயே கண்டு காலை எடுத்து மெல்ல அழுத்துபவருக்குப் பலன் கிடைக்கும். கிட்டப் போய் உதைப்பவர், ஹைபிரிட்டைச் சாதாரணக் காராகவே ஓட்டுகிறார்.

மலைநாட்டிலிருந்து இறங்கும்போது கணக்கே வேறு. பதுளை கடல்மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. லுணுகலை, பிபிலை வழியாகச் செங்கலடிக்கு வரும் அதே 1200 கிலோ காரின் உயரம் விடுவிக்கும் சக்தி 2.2 கிலோவாற்று-மணி. அக்குவாவின் பற்றரி முழுவதுமே ஏறத்தாழ 0.94 கிலோவாற்று-மணிதான். அதிலும் ஆயுளைக் காப்பதற்காக நடுப்பகுதியை மட்டுமே கணினி பயன்படுத்தும். வழியில் உள்ள ஏற்றங்களும் காற்றும் ரயரின் உராய்வும் நிறையவே தின்றாலும், நீண்ட இறக்கத்தில் பற்றரி நிரம்பிவிடலாம். நிரம்பியபின் மோட்டார் பின்னிழுப்பதைக் குறைத்துக்கொள்ளும், முழுச் சுமையும் பிரேக் பட்டில் விழும். பிரியஸ், அக்குவா கார்களின் கியரில் உள்ள 'B' நிலை இதற்காகவே இருக்கிறது. அது எஞ்சினைச் சுழலவைத்து வண்டியை அடக்கும். பற்றரியை வேகமாகச் சார்ஜ் செய்ய வைத்த கியர் என்று நினைத்து, தட்டையான வீதியிலும் அதைப் போடுவது வீண்.

உராய்வுப் பிரேக்குக்கு வேலை குறைவதால் பட்டுகள் நீண்ட காலம் உழைக்கின்றன. அதன் மறுபக்கத்தைக் கரையோரவாசிகள் கவனிக்க வேண்டும்: அடிக்கடி உரசப்படாத இரும்புத் தட்டை உப்புக்காற்று எளிதில் துருப்பிடிக்க வைக்கும். பட் தேயவில்லை என்பதற்காகப் பிரேக்கைக் கழற்றிப் பார்க்காமல் விடுவது தவறு.

வாகன இறக்குமதி 2020இல் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. ஆகவே இங்கு ஓடும் ஹைபிரிட்டுகள் பலவற்றின் வயது பத்தைத் தாண்டிவிட்டது. முதுமையடைந்த பற்றரி குறைவான சக்தியையே ஏற்கும், சூடானால் இன்னும் குறைவு. பிரியஸ், அக்குவா இரண்டிலும் பற்றரியைக் குளிர்விக்கும் விசிறிக்கான காற்றுத் துளை பின் இருக்கைப் பக்கம் இருக்கிறது. அதைப் பையாலோ துணியாலோ மறைக்கக் கூடாது. விசிறியில் சேரும் மணலையும் தூசியையும் காலத்துக்குக் காலம் சுத்தம் செய்விக்க வேண்டும். அந்த வேலையைப் பயிற்சி பெற்ற தொழில்நுட்பவியலாளரிடமே விடுங்கள். செம்மஞ்சள் நிற வயர்களில் ஓடும் மின்னழுத்தம் உயிரைப் பறிக்கக்கூடியது.