கையறுநிலை: எஞ்சியோர் பாட்டு

பிறந்தோர் இறத்தல் உலகியற்கை. அதனை நன்குணர்ந்த அறிஞரும் தம்மவர் இறந்துழி ஆற்றாது கலங்குகின்றனர். அறிவிற்கும் உள்ளத்திற்கும் இடைப்பட்ட இம்முரணிலிருந்தே இரங்கற் செய்யுள்கள் பிறக்கின்றன. தமிழில் அவ்வகையில் மிகப் பழையனவாக நமக்குக் கிடைப்பன, உ. வே. சாமிநாதையர் 1894ஆம் ஆண்டிற் பதிப்பித்த புறநானூற்றிற் காணப்படும் கையறுநிலைப் பாட்டுக்களாம்.

கையறுதலாவது செயலற்றுப் போதல். இறந்தாரைக் குறித்துப் பாடும் துறைக்கு அவரது பெருமையாற் பெயரிடாது, இருப்பாரது நிலையாற் பெயரிட்டமை நோக்கத்தக்கது. தொல்காப்பியரும் இதனைக் காஞ்சித் திணைக்கண் வைத்து, இறந்தார் பொருட்டு எஞ்சியோர் புலம்புதல் என்றே இலக்கணம் வகுத்தார். எனவே, இத்துறையின் பொருள் சாவு என்பதினும், சாவின்பின் எஞ்சி நிற்கும் உள்ளம் என்பதே பொருத்தமாம். நான்கு பாட்டுக்களைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

112ஆம் பாட்டுப் பாரி மகளிர் பாடியது; ஐந்தே அடிகளை உடையது. பறம்புமலைத் தலைவனாகிய பாரியின் கொடையைப் பாடாத புலவர் அரியர். ஆயினும், அவன் மகளிர் அக்கொடையைப் பற்றி ஒரு சொல்லேனும் கூறினாரல்லர். சென்ற திங்களின் நிலவையும் இத்திங்களின் நிலவையும் அருகருகே வைத்துக் காட்டுகின்றனர். இடையிலே தந்தையும் மலையும் போயின. நிலவு மட்டும் மாறவில்லை. மாறாத அவ்வொன்றே இழந்தவற்றின் அளவைக் காட்டும் அளவுகோலாகின்றது.

ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபோது குடவாயிற் கீரத்தனார் பாடியது 242ஆம் பாட்டு. சூடுவாரும் கொய்வாருமின்றிப் பூத்து நிற்கும் முல்லையைப் புலவர் வினவுகின்றார். முல்லை தன் பருவத்திற் பூத்தது. அதன்பாற் குற்றம் யாது? குற்றமின்மையே இங்குத் துயரைப் பெருக்குகின்றது. ஊர் முழுவதும் துயரால் மாறியிருக்கவும், இயற்கை அத்துயரை அறியாது தன்வழிச் செல்கின்றது. இரங்குவோரின் தனிமையை இதனினும் தெளிவாகப் புலப்படுத்தல் அரிது.

245ஆம் பாட்டு நம்மை இன்னும் உள்ளே அழைத்துச் செல்கின்றது. இதனைப் பாடிய சேரமன்னன் மாக்கோதை, தன் கோப்பெருந்தேவி ஈமத்தீயிற் கிடக்கவும் தான் உயிரோடிருத்தலை நினைந்து நாணுகின்றான். துயர் உண்மையாயின் அஃது ஏன் தன் உயிரைக் கொண்டுபோகவில்லை என்பதே அவன் தன்னைத் தானே கேட்கும் வினா. இறந்தாளைப் பற்றிய பாட்டு, இருப்பவன் தன் நெஞ்சை விசாரிக்கும் பாட்டாயிற்று. இம்மன்னனும் பின்னர்க் கோட்டம்பலத்துத் துஞ்சியவன் என, இறந்த இடத்தாலேயே நமக்கு அறிமுகமாகின்றான்.

தொடித்தலை விழுத்தண்டினார் பாடிய 243ஆம் பாட்டில் இறந்தவர் எவருமிலர். இளமையிற் சிறுமியரோடு விளையாடியதையும், மருதமரக் கிளையிலிருந்து மடுவிற் குதித்து அடிமணலை அள்ளி வந்ததையும் முதியவர் ஒருவர் நினைக்கின்றார். இப்பொழுது அவர் கையிற் கோலும், சொல்லுக்கிடையே இருமலும் உள. இதனையும் கையறுநிலை எனத் துறை வகுத்தவர் நுண்ணறிவு போற்றற்குரியது. கழிந்த இளமையும் ஓர் இறப்பே. அங்கே இறந்தவனும் எஞ்சியவனும் ஒருவனே.

இந்நான்கினும் துறக்கம் பேசப்படவில்லை. ஊழைக் காட்டி ஆறுதல் கூறலும் இல்லை. நிலையாமையை அறமாக எடுத்துரைக்கும் நாலடியார் முதலிய நூல்களினின்றும் இவை வேறுபடுமிடம் இதுவே. அந்நூல்கள் துயரைக் கடக்கக் கற்பிக்கின்றன. இவையோ துயரை உள்ளவாறு காட்டுகின்றன. கற்பித்தல் துயருக்கு முன்னும் பின்னும் பயன்படும். துயருற்ற வேளையில் நமக்குத் துணையாவது நம்மைப்போற் கையற்று நின்ற ஒருவரின் குரலேயன்றோ?

யாழ்ப்பாணத்தில் இறந்தோர் நினைவாக அந்தியேட்டி நாளிற் 'கல்வெட்டு' எனும் சிறு நூலை அச்சிட்டு வழங்கும் வழக்கம் உண்டு. குலமுறையும் குணநலமும் கூறும் செய்யுள்கள் அவற்றில் நிறைந்திருக்கும். வரலாற்றுக்கு அவை வேண்டுவனவே. ஆயினும், எவர்க்கும் பொருந்தும் புகழ்மொழிகளை அடுக்குமிடத்து இறந்தவர் மறைந்து போகின்றார். அவர் இருந்த திண்ணையையோ, அவர் நட்ட மரத்தையோ குறிக்கும் ஓரடி, அப்புகழ்மொழிகள் பலவற்றினும் அவரை நம்முன் நிறுத்தும். ஒரு நிலவையும் ஒரு பூவையும் கொண்டு பழம்புலவர் செய்து காட்டியது இதுவேயாம்.