நிற்காமல் ஓடிய நீராவி எஞ்சின்



சிறு வயதில் சங்கரன்கோவிலிலிருந்து புகைவண்டியில் போகும்போது, வழியில் எஞ்சின் தண்ணீர் பிடிக்க நின்றுவிடும். "எரிவது நிலக்கரி; தண்ணீர் எதற்கு இவ்வளவு?" என்று தந்தையைக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

பிற்காலத்தில் 'ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன்' பற்றிப் படித்தபோது அந்தக் கேள்வி திரும்ப வந்தது. 1923இல் இங்கிலாந்தில் உருவான இந்த எஞ்சின், 1988இல் கப்பலேறி ஆஸ்திரேலியா சென்றது. 1989 ஆகஸ்டு 8ஆம் நாள், பார்க்ஸ் நகரிலிருந்து புரோக்கன் ஹில் வரை 679 கிலோமீட்டர் நிற்காமல் ஓடி உலக சாதனை படைத்தது. சங்கரன்கோவிலிலிருந்து சென்னைக்குள்ள தூரத்தைவிட அது அதிகம்! எஞ்சினுக்குப் பின்னால் கூடுதல் தண்ணீர் வண்டிகளைக் கோத்துக்கொண்டுதான் அது ஓடியது.

ஏன் அவ்வளவு தாகம்? கொதிகலனில் உண்டாகும் நீராவி பிஸ்டனைத் தள்ளிவிட்டுப் புகைபோக்கி வழியே வேகமாக வெளியேறுகிறது. அனல்மின் நிலையத்தில் செய்வதுபோல் அதைக் குளிர்வித்து மீண்டும் நீராக்கக் கூடாதா? ஆக்கலாம், ஆனால் நெருப்பு மங்கிவிடும்! வெளியேறும் நீராவி புகையையும் தன்னுடன் இழுத்துச் செல்கிறது. அந்த இழுப்பினால்தான் அடுப்புக்குள் புதுக்காற்று பாய்கிறது. எஞ்சின் விரைந்தால் இழுப்பும் கூடும். நெருப்பும் தானே கனன்று எரியும்.

ஆகவே அந்தத் தண்ணீர் வீணாவதில்லை. அதுவே எஞ்சினின் துருத்தி! அன்று தண்டவாளத்தருகே காத்திருந்த ரசிகர்கள் 'குப் குப்' என்று கேட்டது, நெருப்பை ஊதிய அந்தத் துருத்தியின் ஓசையைத்தான்.

தந்தையிடம் இதைச் சொன்னேன். "அப்போ, நம்ம வண்டி நின்னது நியாயந்தான்" என்றார்.